குழாயடி ஆர்க்கிட்

மருதமுத்து வேலை முடிந்து வந்தால் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போவதில்லை. மலாக்கா, செங் வட்டாரத்தில் தாமான் என்கிற ஒரு குடியிருப்பில், வரிசை வீடுகளின் நடுவில் இருக்கிறது அவர் வீடு. மோட்டார்சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, வரிசை முழுவதும் நடந்து, கோடி வீட்டைச் சுற்றிப் பின்சந்துக்குள் புகுந்து, தன் வீட்டின் பின்கேட்டைத் திறப்பார். அங்கே ஒரு குழாய் உண்டு. கொடியில் கைலியும் துண்டும் தயாராகக் கிடக்கும். போட்டிருந்த உடுப்பைத் தனி வாளியில் போட்டு, தலைக்குக் குளித்து, கைலி மாற்றிய பிறகுதான் சமையலறைக் கதவு திறக்கும். அவர் மனைவி திலகவதி போட்ட சட்டம் அது. மருதமுத்து அதை எதிர்த்து ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

அவர் பொண வண்டி ஓட்டுகிறார்.

அதற்கு முன் செங் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி வியட்நாமுக்குப் போனது. மருதமுத்துவைக் கூப்பிடவில்லை. ஐம்பதை நெருங்கிய ஆளுக்கு யாரும் வேலை தராத நேரத்தில், தெங்கேராவில் ஈமச்சடங்குச் சேவை நடத்திய ஷங்கர், “ஒரு மாசத்துக்கு ஓட்டுங்கண்ணே, ஆளு கெடைக்கற வரைக்கும்” என்றான். பத்து வருடம் ஆகிவிட்டது. ஷங்கர் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருப்பதாகத்தான் பேச்சு.

குழாய்க்கு மேலே, சுவரில் அடித்த ஆணியில், தேங்காய் மட்டை ஒன்று தொங்கியது. வீட்டை விற்றுப் போன மலாய்க்கார ஆசிரியை அதில் ஏதோ ஒரு செடியைக் கட்டி விட்டுப் போயிருந்தார். நாலைந்து சுருங்கிய தண்டு, ஓரிரண்டு இலை. அது செத்துவிட்டதா இல்லையா என்று அந்த வீட்டில் யாரும் யோசித்ததில்லை. மருதமுத்து குளிக்கும்போது தெறிக்கிற தண்ணீர் அதன்மேலும் விழுந்துகொண்டிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடக் கடைசியில் மழை விடாமல் பெய்தது. சாவும் விடாமல் விழுந்தது. சில நாள் இரண்டு முறை குளிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த மாதம் தேங்காய் மட்டையிலிருந்து ஒரு காம்பு நீண்டு, ஊதா நிறத்தில் பூக்கள் வரிசையாகத் திறந்தன. மருதமுத்து தலையில் சோப்பு நுரையோடு நின்று அதைப் பார்த்தார். பிறகு திலகவதியைக் கூப்பிட்டார். திலகவதி சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “பிளாஸ்டிக்கா?” என்று கேட்டார்.

அதன்பின் தொழில் மந்தமான ஒரு மாதம் வந்தது. மலாக்காவில் தமிழர்கள் எல்லாரும் திடமாக இருந்தார்கள். செடியின் தண்டுகள் சுருங்க ஆரம்பித்தன. மருதமுத்து விஷயத்தைப் புரிந்துகொண்டார். வேலை இல்லாத நாளிலும் போய்ப் பின்னால் குளித்தார்.

“இன்னிக்கி யாரு?” என்றார் திலகவதி உள்ளிருந்து.

“யாரும் இல்ல. செடிக்கு.”

இப்படித்தான் ஆரம்பித்தது. ஆயர் கெரோ போகிற வழியில் ஒரு செடிக்கடை உண்டு. அங்கே இருக்கும் சீன அம்மாளிடம் ஒன்றிரண்டு செடி வாங்கினார். அந்த அம்மாள், “ஜாஙான் மன்ஜா சாங்காட்” என்று சொல்லி அனுப்பினார். ரொம்பச் செல்லம் கொடுக்காதே என்று பொருள். மருதமுத்து செல்லம் கொடுத்தார். முதல் செடியை நல்ல கறுப்பு மண்ணில் நட்டார். வேர் அழுகிச் செத்தது. அடுத்ததற்குச் சாயங்காலம் தண்ணீர் ஊற்றினார். இலைக் குருத்தில் தண்ணீர் தேங்கி, காலையில் தொட்டபோது குருத்து கையோடு வந்துவிட்டது. மூன்றாவதை நல்ல வெயிலில் வைத்தார். இலைகள் அப்பளம்போல் ஆயின. ஒவ்வொன்றையும் பின்சந்தின் ஓரமாகக் குழி தோண்டிப் புதைத்தார். தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை.

பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. மண்ணே கூடாது; அடுப்புக்கரியும் உடைந்த ஓட்டுச் சில்லும் போதும். தண்ணீர் காலையில்தான். வாண்டா வகை ஆர்க்கிட்டுக்குச் சட்டிகூட வேண்டாம், கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் வேர் காற்றிலேயே இறங்கிக்கொள்ளும். குளிக்கும் இடத்துக்கு மேலே நிழல்வலை கட்டினார். வேலைக்குக் கிளம்புமுன் இலைகளைப் புரட்டிப் பார்த்து மாவுப்பூச்சியைத் துணியால் துடைப்பார். நத்தைகளைப் பொறுக்கி டின்னில் போட்டு, மெயின் ரோட்டுக்கு அப்பால் உள்ள புல்வெளியில் கொண்டுபோய் விடுவார். உப்புப் போட்டால் செத்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். சாகிறதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

சில வருடங்களில் பின்கட்டு முழுவதும் ஆர்க்கிட் ஆனது. வெள்ளை, ஊதா, மஞ்சளில் சிவப்புப் புள்ளி. சந்தில் நடக்கிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஆனால் யாரும் உள்ளே வரவில்லை. அவர் என்ன வேலை செய்கிறார் என்பது தாமானுக்கே தெரியும். பூக்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பற்றியும் தாமானுக்கு ஒரு முடிவு இருந்தது.

பக்கத்து வீட்டு அன்னம்மா அதை நேராகவே கேட்டார். “மருது, இதெல்லாம் அங்கேர்ந்து எடுத்துட்டு வர்றதா?”

“எங்கேர்ந்துக்கா?”

“அங்கேர்ந்துதான்லா.”

“இல்லக்கா. கடையில வாங்கனது. வெட்டன பூவ நட்டா மொளைக்காது.”

அன்னம்மா தலையாட்டினார். தண்டின்மேல் முளைத்த பிள்ளைக்கன்று ஒன்றைப் பிரித்து, புதுச் சட்டியில் வைத்து, மருதமுத்து அவருக்குக் கொடுத்தார். அன்னம்மா வாங்கிக்கொண்டார். மறுநாள் அந்தச் சட்டி சாக்கடை மேட்டில் இருந்தது. மருதமுத்து அதை எடுத்து, துடைத்து, பழைய இடத்தில் மாட்டினார். கோயிலுக்கு ஒரு கூடை பூ கொண்டுபோனார். கமிட்டிக்காரர் இரண்டு கையாலும் வாங்கி, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். அதன்பின் மருதமுத்து யாருக்கும் எதையும் கொடுக்க முயலவில்லை. செடிகளுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

போன வருடம் அவர் மகள் திவ்யதர்ஷினிக்கு வரன் கூடி வந்தது. அவள் வேலை பார்க்கிற கம்பெனியிலேயே டெக்னீஷியனாக இருக்கும் தினேஸ்வரன். இருவரும் தாங்களே பேசி முடித்திருந்தார்கள். பெரியவர்கள் பேச வேண்டியதுதான் பாக்கி. தினேஸ்வரனின் அம்மா மங்களம், கணவரை இழந்தவர், மஸ்ஜித் தானா என்ற ஊரில் தையல் கடை வைத்திருக்கிறார். போனில் அவர், “அப்பா என்னா பண்றாரு?” என்று கேட்டபோது திலகவதி, “கம்பெனி வேன் ஓட்டறாருங்க” என்றார். அதில் பொய் எதுவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டு வந்தார்கள். மங்களம், தினேஸ்வரன், அவனுடைய தாய்மாமன். ஷங்கர் கம்பெனியின் பெயர் போட்ட வெள்ளைச் சட்டைகளைத் திலகவதி கொடியிலிருந்து எடுத்து அலமாரிக்குள் பூட்டியிருந்தார். மருதமுத்துவுக்குப் புதுச் சட்டை போட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று சொல்லி வைத்திருந்தார்.

கேசரி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன மங்களம் சமையலறைச் சன்னல் வழியாகப் பின்பக்கத்தைப் பார்த்தார். யாரையும் கேட்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். மருதமுத்து பின்னாலேயே போனார்.

“அண்ணே, இதெல்லாம் நீங்களா வளக்கறீங்க?”

“ஆமாங்கம்மா.”

“எங்கூட்லயும் ஒரு வாண்டா இருக்கு. பசார் மாலாம் ராத்திரிச் சந்தைல வாங்குனேன். வேரா விட்டுத் தள்ளுது, ஒரு பூவ காணோம்.”

“எங்க தொங்குது?”

“கடைக்கு முன்னால, தகரத்துக்கு அடில. வெயில் பட்டா வாடிருமேன்னு.”

“அப்ப பூக்காதுங்கம்மா. அதுக்கு வெயிலு வேணும்.”

மங்களம் ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே போனார். எதற்கு என்ன உரம், எத்தனை நாளைக்கு ஒரு முறை, கரியைக் கழுவி வைப்பதா அப்படியே வைப்பதா என்று கேட்டார். அவ்வளவு கேள்விகளை அந்தப் பின்கட்டில் யாரும் கேட்டதில்லை. மருதமுத்து உற்சாகமாகி, நன்றாகப் பூத்திருந்த ஊதாச் சட்டி ஒன்றைக் கொக்கியிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தார். திலகவதி தேநீர்த் தட்டோடு கதவருகில் வந்து நின்றார்.

“இத்தனைக்கும் நேரம் எப்டிண்ணே கெடைக்குது?”

“வேல முடிஞ்சி வந்து இங்கதான் குளிப்பேன். அப்பவே பாத்துக்குவேன்.”

“ஏன், உள்ள பாத்ரூம் இல்லையா?”

“ரெண்டு இருக்கு.”

மங்களம் அவரைப் பார்த்தார். திலகவதி கண்ணாலேயே ஏதோ சொன்னார். மருதமுத்து அதைப் பார்க்கவும் செய்தார். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சொன்னதும் திலகவதிதான்.

“நான் ஓட்டறது பொண வண்டிங்கம்மா. அதான் குளிச்சிட்டு உள்ள போறது.”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மங்களம் கையிலிருந்த சட்டியைப் பார்த்தார்.

“பயமா இருக்காதா?”

“மொதோ வாரம் இருந்துச்சி. இப்பல்லாம் ரோட்ல மத்தவங்க ஓட்டறத பாத்தாதான் பயம்.”

மங்களம் சிரிக்கவில்லை. உள்ளே போய், தேநீரைப் பாதி குடித்தார். தாய்மாமனிடம் ஏதோ மெல்லச் சொன்னார். தாய்மாமன் எழுந்து, “யோசிச்சி சொல்றோம்” என்றார். கார் போனபிறகு பார்த்தால் ஊதாச் சட்டி செருப்பு அலமாரிமேல் இருந்தது.

“வேன்னு சொல்லிட்டு நிறுத்தக் கூடாதா?” என்றார் திலகவதி.

“ஏன் வெளிய குளிக்கறன்னு கேட்டாங்களே.”

“வெக்கையா இருக்குன்னு சொல்லிருக்கலாம்ல!”

மருதமுத்து யோசித்துப் பார்த்தார். சொல்லியிருக்கலாம்தான். அது அவருக்குத் தோன்றவில்லை.

திவ்யதர்ஷினி அறையில் போன் பேசிவிட்டு வெளியே வந்தாள். “தினேஷுக்கு மொதல்லயே தெரியும்பா. அவங்கம்மாட்ட மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தாராம்.”

“மெதுவான்னா எப்ப?” என்றார் திலகவதி.

“கல்யாணத்துக்கு அப்பறம்.”

 மகள் அழவில்லை. மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். போகும்போது, “அவங்களுக்கு வேணாம்னா வேணாம்பா. நீங்க ஒன்னும் நெனைச்சிக்காதீங்க” என்றாள். ஒன்றும் நினைத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்ன பிறகு மருதமுத்துவால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அன்று நத்தைகளைப் பொறுக்கக்கூட மறந்துவிட்டார். ஒரு வெள்ளைச் செடியின் புது மொக்குகளை அவை தின்று தீர்த்தன.

அந்த வாரம் முழுவதும் மஸ்ஜித் தானாவிலிருந்து போன் இல்லை. மருதமுத்து தெங்கேராவுக்குப் போய் ஷங்கர் முன்னால் நின்றார்.

“தம்பி, எனக்கு இந்த வேல வேணாம்.”

“எப்பலேர்ந்துண்ணே?”

“இன்னிலேர்ந்து.”

ஷங்கர் போனைப் பார்த்தான். “ரெண்டு மணிக்கு மஸ்ஜித் தானால ஒன்னு எடுக்கணும்ண்ணே. வேற டிரைவர் இல்ல.”

மருதமுத்து சுவரில் தொங்கிய சாவியைப் பார்த்தார். சாவு வீட்டைக் காக்க வைக்க முடியாது. “சரி, அது முடிஞ்சி,” என்று சொல்லி வண்டிச் சாவியை எடுத்தார்.

இறந்தவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்த சிவசாமி. மஸ்ஜித் தானாவில் நம்மவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு வீட்டில் சாவு என்றால் எல்லாரும் வந்துவிடுவார்கள். மங்களமும் வந்திருந்தார். மருதமுத்து வண்டியைப் பின்னுக்கு எடுத்து வாசலோடு நிறுத்தும்போது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மருதமுத்து தலை குனிந்து பின்கதவைத் திறந்தார். இழவு வீட்டில் யாரையும் வணங்கக் கூடாது என்பது ஒரு வசதியாகப் போயிற்று.

சிவசாமியின் மனைவி முத்தாயி, தானும் மின்சுடலைக்கு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். வயதானவரைத் தனியாக ஏற்ற முடியாது. கூட ஒரு பெண் வேண்டும். பக்கத்தில் நின்றவர் மங்களம். பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள நீள இருக்கையில் முத்தாயியைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார்.

மருதமுத்து வண்டியை எடுத்தார். கம்பத்து வீடுகள் முடிகிற இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வேகத்தடை வந்தது. அவர் வேகத்தைக் குறைத்து, கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, “ஐயா, முன்னால ஒரு மேடு. மெதுவாத்தான் போறேன்” என்றார்.

வண்டி ஏறி இறங்கியது. முத்தாயி அழுகையை நிறுத்தினார்.

“யாருகிட்ட பேசறான்?”

“ஐயாகிட்டதான் அத்த,” என்றார் மங்களம்.

முத்தாயி பெட்டியைப் பார்த்தார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அவருக்குக் காது கேக்காதே. நாலஞ்சி வருசமாவே கேக்காது. கொஞ்சம் சத்தமா சொல்லச் சொல்லு,” என்றார்.

மங்களம் முன்பக்கம் சாய்ந்து, “அண்ணே, சத்தமா சொல்லணுமாம்” என்றார்.

“சரிங்கம்மா,” என்றார் மருதமுத்து.

அங்கிருந்து மின்சுடலை வரைக்கும் மேடு பள்ளம் நிறைய. ஒவ்வொன்றுக்கும் அவர் தொண்டையைத் திறந்து கத்தினார். “ஐயா! ஒரு குழி! வலது பக்கமா போறேன்!” “ஐயா! இங்க சிக்னல்! கொஞ்சம் நிக்கணும்!” சிக்னலில் பக்கத்தில் நின்ற மோட்டார்சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்தாயி ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிக்கொண்டார். மங்களம் இறங்கும்போது முத்தாயியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மருதமுத்து பின்கேட்டைத் திறந்து குளித்தார். தொண்டை கட்டியிருந்தது. வேலையை விட்டுவிட்டதைப் பற்றி ஷங்கரிடம் மறுபடி பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் ஷங்கர் போன் செய்து பதினோரு மணிக்கு வரச் சொன்னான். போனார். ராஜினாமாவைப் பற்றி அதற்குப் பிறகு இருவருமே பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து மங்களம் திலகவதியைப் போனில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. திலகவதி மறுபடியும் கேசரி கிண்டினார். இந்த முறை சட்டைகளை ஒளித்து வைக்கவில்லை. ஒளித்து வைத்து இனி என்ன ஆகப்போகிறது.

வந்து உட்கார்ந்ததும் மங்களம், “அண்ணே, உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்” என்றார்.

 தினேஸ்வரன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாண்டாவ வெயில்ல மாட்டிட்டேன். எல செவக்குது. சரிதானா, இல்ல தூக்கிரணுமா?”

“ஒரே நாள்ல முழு வெயில்ல மாட்டிட்டீங்களா?”

“ஆமா.”

“கொஞ்சங் கொஞ்சமா பழக்கணும்மா. காலைல வெயிலு மட்டும் குடுங்க. அப்பறம் மாத்துங்க.”

“சரி.” மங்களம் தாய்மாமனைப் பார்த்தார். தாய்மாமன் பையிலிருந்து காலண்டரை எடுத்து விரித்தார். வைகாசியில் ஒரு நல்ல நாள் இருந்தது. அவருக்கு ஒரே ஒரு கவலைதான். “அன்னிக்கி லீவு போட்ருவீங்கதானே?”

“போட்ருவேன். ஆனா சாவு விழுந்துச்சின்னா ஷங்கர் கூப்...” என்று தொடங்கிய மருதமுத்து, திலகவதியைப் பார்த்து, “போன அடைச்சி வச்சிருவேன்” என்று முடித்தார்.

கிளம்பும்போது மங்களம் செருப்பு அலமாரியைப் பார்த்தார். “அந்தச் செடி இருக்கா, யாருக்காச்சும் குடுத்துட்டீங்களா?”

“இருக்கும்மா. யாரும் வாங்க மாட்டாங்க.”

மருதமுத்து பின்னால் போய் எடுத்து வந்தார். மங்களம் அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தார். அன்னம்மா தன் கேட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. அன்று மலாக்காவில் யாரும் சாகவில்லையா, செத்தும் ஷங்கரே ஓட்டினானா என்று மருதமுத்துவுக்குத் தெரியாது. போன் திலகவதியின் பையில் இருந்தது. பந்தியில் யாரோ ஒரு அம்மா, “பொண்ணோட அப்பா என்னா செய்றாரு?” என்று மங்களத்தைக் கேட்டார். “பொண வண்டி ஓட்டறாரு,” என்றார் மங்களம். “நல்லா ஓட்டுவாரு.” கேட்ட அம்மா பாயசத்தை எடுத்துக் குடித்தார்.

திவ்யதர்ஷினி இப்போது மஸ்ஜித் தானாவில் இருக்கிறாள். அப்பா தன்னிடம் பேசுவதைவிட மாமியாரிடம் அதிகம் பேசுகிறார் என்பது அவள் புகார். அது உண்மைதான். வாண்டா மொக்கு விட்ட செய்தி, பூத்த செய்தி, அதன் படங்கள் எல்லாம் சம்மந்திக்குத்தான் போயின.

போன மாதம் ஒரு காலையில் மங்களம் போனில் கூப்பிட்டார். குரல் சரியில்லை.

“சம்மந்தி, போயிடுச்சி.”

மருதமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “எப்ப?”

“காலைல எழுந்திருச்சி பாத்தா போயிடுச்சி.”

“வீட்லயா, ஆஸ்பத்திரிலயா?”

 “செடிய சொல்றேன் சம்மந்தி. நீங்க குடுத்த ஊதா.”

அன்று வேலை இல்லை. மருதமுத்து மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு மஸ்ஜித் தானாவுக்குப் போனார். மங்களம் கடையில் தைத்துக்கொண்டிருந்த பாஜு குரோங்கை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார். செடியின் இலை முழுவதும் உதிர்ந்து, சட்டியில் வெறும் தண்டுகள் குச்சிகளாக நின்றன. மருதமுத்து குந்தி உட்கார்ந்து, கரியை விரலால் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

“ரொம்ப ஊத்திட்டீங்க.”

“கல்யாணத்துக்கு வந்த செடியாச்சேன்னு காலைலயும் சாயங்காலமும் ஊத்துனேன்.”

மருதமுத்து ஒரு தண்டை எடுத்து நகத்தால் மெல்லக் கீறினார். உள்ளே பச்சையாக இருந்தது. அடியில், கரிக்கு நடுவில், அரிசி அளவுக்கு ஒரு முளை வெளியே வந்திருந்தது. அதை அவர் இரண்டு முறை பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

“இல்ல சம்மந்தி,” என்றார். “உசுரோடதான் இருக்கு.”

இத்தனை வருடங்களில் எத்தனையோ வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். ஒரு வீட்டில் இப்படிச் சொல்ல அவருக்கு வாய்த்தது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். மங்களம், “உள்ள வாங்க, தேத்தண்ணி கலக்கறேன்” என்றார். மருதமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு முன்வாசல் வழியாக உள்ளே போனார்.